அடைத்த ஜன்னலும் தாள் தூசியும்

மருந்து முடிந்துவிட்டது. கடைசி மாத்திரையைச் சித்திரை மாதத்தில் விழுங்கினேன். இப்போது ஆடி பிறந்திருக்கிறது. அந்த மருந்தால் பாதத்தில் வந்த எறும்பு ஊர்வது போன்ற உணர்வு மட்டும் போகவில்லை. மெதுவாகப் போகும் என்கிறார் டாக்டர். பார்க்க வருகிறவர்களிடம் என் மனைவி சண்முகவடிவு இன்னமும் "நெஞ்சுச்சளி" என்றுதான் சொல்கிறாள். அவளை நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் எனக்கு வந்தது காசநோய். அதிலும் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத வகை. இதை எழுதி வைக்கத் தோன்றியதற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் இருமுகிறவர்கள் எல்லாரும் தூசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்.

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றேன். ஷிப்டுக்கு யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று பார்ப்பதே வேலையாக இருந்ததால், தேதி பிடித்து வைப்பது பழக்கமாகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு ஊரின் வரலாற்றைத் தேதிவாரியாகத் தொகுக்கத் தொடங்கினேன். எந்த ஆண்டு மழை பொய்த்தது, எந்தத் தீப்பெட்டி ஆபீஸ் எப்போது திறந்தது, எப்போது மூடியது, இப்படி. இதில் எனக்குத் துணை பால்வண்ணன் அண்ணாச்சி. பலசரக்கு மொத்த வியாபாரம் செய்தவர். இப்போது கடையை மகன் பார்க்கிறான். அண்ணாச்சியின் அப்பா பழைய செய்தித்தாள்களை வருடவாரியாகத் தைத்து வைத்திருந்தார். அவை கடைக்கு மேலே, ஒரு காலத்தில் மல்லி மூட்டை அடுக்கிய அறையில் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் அங்கே போய்ப் பொழுது சாயும்வரை படிப்போம்.

ஆடி மாதக் காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் கரிசல் மண் முழுக்க வீட்டுக்குள் வந்துவிடும். பழைய தாளோ தொட்டால் அப்பளமாக நொறுங்கும். அதனால் போன ஆடியில் அறையின் இரண்டு ஜன்னல்களையும் அடைத்து, இடுக்குகளில் சாக்குத் துண்டுகளைச் செருகியிருந்தோம். அதைச் செய்தவன் நான்தான். மின்விசிறியைக்கூடப் போடுவதில்லை. அந்தப் புழுக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் இருமினோம்.

"என்னவே, இன்னைக்கு உம்ம கட்சி பலமா இருக்கே" என்பார் அண்ணாச்சி.

"உங்க கட்சிதான் மெஜாரிட்டி அண்ணாச்சி. நான் கூட்டணி."

"எல்லாம் தாள் தூசிவே. எங்கப்பா காலத்துத் தூசி. சும்மா விடுமா?"

தாள் தூசி என்று அவர் சொன்னார். நான் முதலில் பார்த்த டாக்டர் பஞ்சுத் தூசி என்றார். ஆலையில் இருந்த காலத்தில் நுரையீரலுக்குள் போனது இப்போது வேலையைக் காட்டுகிறது என்று சிரப் எழுதிக் கொடுத்தார். சண்முகவடிவு கரிசல் தூசி என்றாள். எல்லாத் தூசியும் சேர்ந்து ஆவணியும் புரட்டாசியும் ஓடின. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. ஐப்பசியில், முதல் மழை பெய்த அன்று, கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. அதைக் கண்டதும் சண்முகவடிவு செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனாள்.

அரசு மருத்துவமனையில் சளியைச் சின்ன டப்பாவில் துப்பச் சொன்னார்கள். அதை ஒரு பெட்டிக்குள் வைத்தால் அதுவே கிருமியைக் கண்டுபிடித்து, முக்கியமான ஒரு மருந்துக்கு அது சாகுமா சாகாதா என்பதையும் சொல்லிவிடும் என்றார்கள். மத்தியானத்துக்குள் பதில் வந்தது. கிருமி இருக்கிறது, மருந்துக்குச் சாகாது.

அங்கிருந்த இளம் டாக்டர் பொறுமையானவர். "இருமல் எந்தத் தேதியிலருந்து அய்யா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் போட்ட தேதி எனக்குத் தெரியும். ஆலையில் கடைசிச் சங்கு ஊதிய தேதி தெரியும். என் இருமல் தொடங்கிய தேதி தெரியவில்லை. "காத்துக் காலத்துல" என்றேன்.

அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில், மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி, வேப்பமரங்களுக்கு நடுவே நெஞ்சுநோய் வார்டு. இரத்தம், எக்ஸ்ரே, கண் பார்வை, காது, பிறகு ஈ.சி.ஜி. கொடுக்கப் போகும் மருந்துகளில் ஒன்று இதயத்துடிப்பின் தாளத்தைத் தள்ளிப்போட்டுவிடக் கூடுமாம். அதனால் ஆரம்பத்திலும் நடுநடுவிலும் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே இருப்பார்கள். காத்திருக்கும் பெஞ்சில் எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தோம். கண்கள் மட்டும் தெரிந்தன. எல்லாக் கண்களும் ஒரே மாதிரி களைத்திருந்தன. மருந்து அரசு கொடுப்பது, அதற்குச் செலவில்லை. அலைச்சலுக்குத்தான் அளவில்லை.

என்னை வார்டில் சேர்த்த பிறகு, சண்முகவடிவு தினமும் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கஞ்சியும் துவையலும் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்புவாள். முதலில் எனக்கென்று தனித் தம்ளர், தனித் தட்டு கொண்டுவந்தாள். சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வார்டு சிஸ்டர் ஜெபராணி அதைப் பார்த்துவிட்டு, "யம்மா, இது தம்ளர்ல ஒட்டிக்கிட்டு வார சீக்கு இல்ல. இருமுத காத்துல வார சீக்கு. பாத்திரத்தப் பிரிச்சு அவர அழ வைக்காதீங்க" என்றார். மறுநாள் என் தங்கையும் அவள் கணவரும் பார்க்க வந்து வாசலிலேயே நின்றார்கள். சண்முகவடிவு நான் மிச்சம் வைத்த காபியை எடுத்து, முகக்கவசத்தை இறக்கி, அவர்கள் பார்க்க ஒரே மூச்சில் குடித்தாள். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் எனக்குச் செய்த எத்தனையோ காரியங்களில் இதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் மகள் கோமதி மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவள் அம்மா "லேப்புல இருக்கா" என்பாள். "ரத்தம் டெஸ்ட்டா?" என்பார்கள். "இல்ல, ஆராய்ச்சி." "அப்ப எப்ப பெர்மனன்ட் ஆகும்?" ஒரு திட்டத்துக்கு நிதி இருக்கும்வரை வேலை. பிறகு நீட்டிப்பு வந்தால் உண்டு. ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வரும்.

அவள் ஆராய்வதே காசநோய்க் கிருமியைத்தான். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் பிறருக்கு வருகிற கிருமி என்று நினைத்திருந்தேன். லீவு போட்டுவிட்டு வார்டுக்கு வந்தவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"என்னட்டி, உள்ள வா. உனக்குத் தெரிஞ்ச கிருமிதானே" என்றேன்.

"எனக்கு டியூப்ல இருந்தாத்தாம்ப்பா தெரியும்" என்றாள். "இத்தன வருசமா சாம்பிள் சாம்பிள்னுதான் சொல்லிட்டிருந்தேன். ஒரு சாம்பிளுக்கும் இருமல் வந்து நான் பாத்ததில்ல."

நாளுக்கு நாள் கொஞ்சமாக அவள் தன் வேலையை விளக்கினாள். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சளியிலிருந்து கிருமியை வளர்ப்பார்கள். இது வாரக்கணக்கில் ஆகும், சோம்பேறிக் கிருமி. வளர்ந்ததைச் சூடாக்கிக் கொன்று, உடைத்து, உள்ளிருக்கும் டிஎன்ஏ என்ற மெல்லிய இழையைப் பிரித்தெடுப்பார்கள். அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் நுனியிலும் ஓர் அடையாளத்தை ஒட்டி, எந்திரத்தில் ஏற்றுவார்கள். எந்திரம் துண்டுகளைப் படிக்கும். நான்கே எழுத்துகள், அவை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாறி மாறி வருகின்றன. கணினியில் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தால் எந்த மருந்து பலிக்காது என்று தெரியும். வேலையில் பாதி நாள் பைப்பெட் என்ற உறிஞ்சுகுழாயைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவதுதான், மீதி நாள் எந்திரம் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று பார்ப்பது என்றாள். அவள் கட்டைவிரலில் காய்ப்பு இருந்தது. அதுவரை நான் கவனித்ததில்லை.

"இன்னொண்ணும் தெரியும்ப்பா. ரெண்டு பேரோட கிருமியில ஒரே மாத்தங்கள் இருந்தா, ரெண்டும் கிட்டத்துச் சொந்தம்னு அர்த்தம். ஒரே எடத்துலருந்து வந்திருக்கணும்."

இது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஊர் ரயில் நிலையத்தைப் பற்றி வந்த சிறு புத்தகங்களில் மூன்றில் ஒரே தவறான ஆண்டு இருக்கிறது. தனித்தனியாகத் தேடி எழுதியவர்கள் மூவரும் அதே தவறைச் செய்திருக்க முடியாது. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது. சொன்னேன். அவள் சிரித்து, "அதேதாம்ப்பா" என்றாள்.

"என் சளி உங்க லேப்புக்கு வருமா?"

"ஆராய்ச்சிக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டீங்கள்ல, வரலாம். வந்தாலும் எனக்குத் தெரியாது. பேரு வராது. நம்பர்தான்."

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் மாரியப்பன் என்ற லாரி டிரைவர். கயத்தாற்றுக்காரர். இரண்டு முறை மருந்தைப் பாதியில் விட்டவர். "மருந்து தின்னா தூக்கம் வருது, தூங்குனா லாரி கவுருது, என்ன செய்யச் சொல்லுதீய?" என்று டாக்டரிடமே கேட்பார். இரவுகளில் எல்லாரும் இருமுவோம். ஒருவர் தொடங்கினால் வரிசையாகக் கடைசிக் கட்டில்வரை போகும். மாத்திரைகள் வயிற்றைப் புரட்டின. வாயில் இரும்பை நக்கிய ருசி. பயம் என்று சொல்வதைவிட அலுப்பு என்று சொல்லலாம். ஒருநாள் கார்த்திகைக் காற்று பலமாக அடித்து, மடியில் இருந்த செய்தித்தாள் கட்டிலுக்குக் கட்டில் பறந்தது. எழுந்துபோய்த் தலைமாட்டு ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

"யாரு ஜன்னல அடச்சது?" ஜெபராணி சிஸ்டர் வார்டின் மறுகோடியிலிருந்து சத்தம் போட்டார்.

"பேப்பர் பறக்குது சிஸ்டர்."

"பறந்தாப் பறக்கட்டும். இந்த வார்டுல பாதி மருந்து அந்த ஜன்னல்தான். காத்து போனா கிருமியும் கூடப் போவும். அடச்சு வச்சா உள்ளயே சுத்திச் சுத்தி வரும். நீங்க எங்கயோ ஜன்னல அடச்சுட்டு உக்காந்துதான் இங்கன வந்து படுத்திருக்கீங்க, தெரிஞ்சுக்கோங்க!"

அவர் பொதுவாகத்தான் திட்டினார். நான் கொக்கியில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். சாக்குத் துண்டு செருகிய இரண்டு ஜன்னல்கள். எதிரே அண்ணாச்சி.

அவருடைய பேத்தி அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவர் மார்பில் படுக்கப் போட்டால்தான் தூங்குவாள். அவள் தூங்கிய பிறகுதான் அவர் மாடிக்கு வருவார்.

அன்றே போன் செய்தேன். "அண்ணாச்சி, ஒரு தடவ சளியக் குடுத்துப் பாத்துருங்க."

"எனக்குத் தாள் தூசிவே. உமக்கு வந்தா எனக்கும் வரணுமா?" என்று சொல்லி இருமினார். இருமல் முடிவதற்குள் போனை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை. தொடர்பில் இருந்தவர்களைப் பற்றி விசாரித்த சுகாதாரப் பணியாளரிடம் அவர் பெயரைச் சொன்னேன். அவர் கடைக்குப் போனபோது அண்ணாச்சி ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மாடியில்தான் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். என் கட்டிலருகே உட்கார்ந்து, "என்னவே, ஆளு பாதியாப் போயிட்டீரே" என்றார். அவரும் பாதியாகத்தான் இருந்தார். அடுத்த வார்த்தைக்குள் இருமல் வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்துக் குனிந்து வெகுநேரம் இருமினார். எங்கள் வார்டிலேயே அப்படி ஓர் இருமல் யாருக்கும் இல்லை.

மாரியப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க பாக்க வந்தீயளா, படுக்க வந்தீயளா?"

வார்டே சிரித்தது. அண்ணாச்சியும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோமதி மடிக்கணினியில் ஏதோ வேலை செய்துகொண்டு அங்கேதான் இருந்தாள். நான் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் பின்னால் போனேன்.

"ஏட்டி கோமதி" என்றார் அண்ணாச்சி. "உங்கப்பா சொன்னாரு. உங்க மிஷினு யாருக்கு யாரு குடுத்ததுன்னு சொல்லிப்போடுமாமே?"

அதுதான் அவருடைய பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் போனை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் நான்தான் வாய்ச்சவடாலாகச் சொல்லியிருந்தேன்.

"நாளைக்கு எம்பேரு அதுல வரும். கடைக்காரன் ஊருக்கெல்லாம் சீக்கக் குடுத்தான்னு பேசுவான். யாவாரம் போனாப் போவுது. எம்மருமவ புள்ளையத் தூக்கிட்டு அவ அப்பன் வீட்டுக்குப் போயிருவா. அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கோமதி கணினியை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் கிளை கிளையாகப் பிரிந்த ஒரு படம். கிளை நுனிகளில் புள்ளிகள். "இது முந்தின வருசத்து வேலை பெரியப்பா. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளோட கிருமி. கிட்டக் கிட்ட இருக்கது சொந்தம்."

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "பேரு எங்க இருக்கு?"

"பேரே கிடையாது. எனக்கே தெரியாது."

"இந்தா ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கே. இதுல யாரு யாருக்குக் குடுத்தது?"

"பெரும்பாலும் அதச் சொல்ல முடியாது பெரியப்பா. ரெண்டும் ஒண்ணுங்கும். யாரு முதல்லங்கிறத அது சொல்லாது. மூணாவது ஆளு ஒருத்தர் ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கலாம்." பிறகு சொன்னாள்: "புள்ளைக்கு வந்திருக்கான்னு பாக்கணும்னா, உங்களுக்கு வந்திருக்கான்னு முதல்ல தெரியணும். சின்னப் புள்ளைகளுக்கு வந்தா மூளைக்குப் போயிரும். நான் பயங்காட்டலை."

பழுத்த வேப்பிலை ஒன்று கணினியின் மேல் விழுந்தது. அண்ணாச்சி அதை எடுத்துப் போட்டார்.

"சரி, புள்ளியா வச்சிரு" என்று எழுந்தார். "எங்க துப்பணும்? காட்டு."

அவருக்கும் அதே நோய், அதே மருந்துக்குச் சாகாத வகை. நான் வீட்டுக்கு வந்த வாரத்தில் அவர் வார்டில் சேர்ந்தார், நான் படுத்திருந்த கட்டிலிலேயே. மாரியப்பன் போனில், "அண்ணாச்சிக்கு ஒங்க எடத்தப் பிடிச்சு வச்சிருந்தேன்லா" என்றார். பேத்திக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள். நோய் இல்லை. ஆனாலும் வராமலிருக்க மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள். மருமகள் யார் வீட்டுக்கும் போகவில்லை. குழந்தைக்கு அந்த மருந்தை வாழைப்பழத்தில் மசித்து ஊட்டியவள் அவள்தான். மாசியில் அண்ணாச்சியின் சளியில் கிருமி வளரவில்லை என்று வந்தது. அதுவரை, வீட்டுக்குத் திரும்பிய பிறகும், அவர் குழந்தையை முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார். அவருக்கு மருந்தை நீட்டித்திருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. கோமதிக்கும் பங்குனியில் ஒரு வருட நீட்டிப்பு வந்தது. எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

எங்கள் இருவர் புள்ளிகளும் அவளுடைய படத்தில் இருக்கின்றனவா என்று நான் கேட்கவில்லை. யாருக்கு முதலில் இருமல் வந்தது என்பதை நான் முயன்றால் கண்டுபிடித்துவிடுவேன். எந்த வருடத்து மூட்டையைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார், எந்த மூட்டையின்போது நான் குடித்தேன் என்று யோசித்தால் போதும். ஒருநாள் பாதிவரை யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். எங்கள் தொகுப்பில் அந்தத் தேதி இருக்காது.

மாடி அறையில் சாக்குத் துண்டுகளைப் பிடுங்கியாகிவிட்டது. இரண்டு ஜன்னல்களும் திறந்தே கிடக்கின்றன. தாள்களின் மேல் எடைக்கற்களை வைத்துப் படிக்கிறோம். இந்த வாரம் காற்று தொடங்கிவிட்டது. நேற்று மத்தியானம் நான் மட்டும்தான் இருந்தேன். கீழேயிருந்து அண்ணாச்சியின் மகன் குரல் கொடுத்தான்: "சித்தப்பா, அப்பா வரலையாம். பாப்பா அவுக நெஞ்சு மேல படுத்துத் தூங்கிட்டா, எந்திரிக்க முடியலன்னு சொன்னாவ."

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்று நான் திரும்பிச் சொல்வதற்குள் கற்களுக்கு அடியிலிருந்து ஒரு தாள் உருவிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. பாதம் மரத்திருப்பதால் படியில் வேகமாக இறங்க முடியாது. நான் தெருவுக்கு வந்தபோது தாளைக் காணவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் தூசி. திரும்ப மேலே ஏறி வந்து உட்கார்ந்தேன். அது எந்தத் தேதித் தாள் என்று பார்த்து வைத்திருக்கவில்லை. ஜன்னலை அடைக்கவும் இல்லை.